இரண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

கண்ணு,

போன வாரம் நீ சென்னையிலிருந்து போன் செய்து, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில், "ஜெயசீலி அக்காளுக்கு நீங்களே நேர்ல போய் வெச்சுட்டு வாங்கம்மா. போஸ்ட்ல அனுப்பிராதீங்க. அவங்க இல்லீன்னா எனக்கு இங்கிலீசே வந்திருக்காது" என்றாய். நான் சரி என்றேன். ஆனால் அந்தப் பெயரை மட்டும் எழுதவில்லை. நீ இரண்டு தடவை, "லைன்ல இருக்கறீங்களாம்மா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

இதை உன்னிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நீ "விடுங்கம்மா, பழைய கதை" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இதை ஒளித்து வைக்க வேண்டாம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் காட்டு. மாமியார் எப்படிப்பட்டவள் என்று அந்தப் பெண் ஊரார் வாயால் தெரிந்துகொள்வதைவிட என் கையெழுத்தில் தெரிந்துகொள்ளட்டும். ஜெயசீலியிடமும் இதன் பிரதி ஒன்று இருக்கும்.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். அதுவரை ஆபீசில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான், கம்பெனியின் பெயர். தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் பகுதிக்கு வரும் பெண்களுக்குக்கூட அது தெரியும். கோயமுத்தூரிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில்தான் ஆர்டர் வந்ததிலிருந்து பெட்டி கட்டுவதுவரை எல்லாம் ஓடும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "யாரு எதுக்கு ஓகே குடுத்தாங்கன்னு நாளைக்கு எனக்குத் தெரியோணுமுங்க. நீங்களே பாஸ்வேர்டு வெச்சுக் குடுத்துருங்க" என்றார் முதலாளி. நான் ஆளுக்கொரு பூவின் பெயரை வைக்கலாம் என்று இருந்தேன். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். "மல்லிகைன்னு வெச்சா எவனும் ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சுருவானுங்க. இருங்க, நானே ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். யாரும் நெனச்சுக்கூடப் பாக்க முடியாத மாதிரி அதுவே எழுத்தைக் குலுக்கிப் போட்டுத் தரும்" என்றாய்.

அந்த நான்கைந்து நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. நீ அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாய். எட்டு எழுத்து வரவேண்டிய இடத்தில் ஏழே வந்தது. நீ ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படிக்க, நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கேட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நீயே தலையில் அடித்துக்கொண்டாய். "ஒண்ணுல ஆரம்பிச்சு எட்டுக்கு முன்னாடியே நிக்கச் சொல்லியிருக்கேன். அப்பறம் ஏழுதான வரும்." அது சரியான பிறகு, பூஜ்யம் எது, ஓ என்ற எழுத்து எது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இரண்டையுமே எடுத்துவிட்டாய். "பயன்படுத்தறவங்க சொல்றதக் கேக்கோணும்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க" என்றாய் பெரிய மனிதனைப் போல. அப்புறம் புரோகிராமை ஓட்டிவிட்டு என்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். தட்டுகிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்துகள் வந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீ கொடுத்த ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிற மெர்ச்சண்டைசர்கள் எங்களிடம் நான்கு பேர். அவர்களில் ஒருத்திதான் ஜெயசீலி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேரே நம் வீட்டுக்கு வருவாள். உன்னை உட்கார வைத்து இங்கிலீஷில் லெட்டர் எழுதச் சொல்லுவாள். "தம்பி, பெரிய வார்த்தை எதுக்கு, சின்ன வார்த்தையா எழுது" என்பாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவாள். பிரியத்தில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினேன். புரோகிராம் கொடுத்த முதல் பாஸ்வேர்டு அவளுக்குப் போயிற்று. நான்கு பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, புரோகிராமை மூடிவிட்டு, என் கையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். நீதான் கிழிக்கச் சொல்லியிருந்தாய்.

ஒரு மாதம் கழித்து, துணியில் சாயம் ஏற்றிப் பார்க்கும் லேபுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அங்கே இருந்தவர் சண்முகம் அண்ணன். பையர் கேட்கிற நிறத்தைச் சின்னத் துண்டுத் துணியில் போட்டுக் காட்டுவது அவருடைய வேலை. அவருக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்றார்கள். ஃப்ளாப்பியைப் போட்டு புரோகிராமை மறுபடி ஓட்டினேன். முதலில் வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு மூடிவிட்டேன். அது ஒரு மாதத்துக்கு முன்னால் ஜெயசீலிக்குக் கொடுத்த அதே எட்டு எழுத்து. எழுதும்போது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எல்லாமே ஒரே மாதிரி கோணல்மாணலாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் சாஃப்ட்வேரும் அப்படி வாய்த்திருந்தது. அது பெயர் கேட்காது. பாஸ்வேர்டை மட்டும் கேட்கும். அதை வைத்தே வந்திருப்பது யார் என்று பட்டியலில் மேலிருந்து கீழாகத் தேடும். முதலில் யார் பெயர் கிடைக்கிறதோ அவருடைய திரையைத் திறந்துவிடும்.

சண்முகம் அண்ணன் முதன்முதலாக அதைத் திறந்த அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தார். நான் ஒரு பெரிய ஷிப்மெண்ட்டுக்குப் பெட்டிப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன். "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர்ல நீங்க சொல்லிக் குடுத்தப்ப வேற மாதிரி இருந்துச்சுங்க. இப்ப வர்ற ஸ்க்ரீனு வேறயா இருக்குதுங்களே" என்றார். நான், "கீழ ஓகேன்னு கேக்குதுங்களாண்ணா?" என்றேன். "கேக்குதுங்க." "அப்பறம் என்ன, குடுத்துருங்க" என்றேன். அவர் கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மேலே யார் பெயர் வந்திருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. எழுந்து நூறடி தள்ளியிருக்கும் லேபுக்குப் போய்ப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் எழவில்லை.

அவருடைய திரையில் ஓகே என்றால், சாம்பிள் துண்டு போட்டு அனுப்பியாயிற்று என்று அர்த்தம். மெர்ச்சண்டைசர் திரையில் அதே ஓகேக்கு, பையர் நிறத்தை ஒப்புக்கொண்டார், முழுத் துணிக்கும் சாயம் போடலாம் என்று அர்த்தம். ஆர்டர் தாள் சாயப்பட்டறைக்குப் போயிற்று. அவர்கள் அன்றே போட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து பையரிடமிருந்து பதில் வந்தது. கருநீலம் கேட்டோம், நீங்கள் அனுப்பிய துண்டு கத்தரிப்பூ மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்று. அதற்குள் ஒரு லாரித் துணி அந்த நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்டரும் கைவிட்டுப் போயிற்று.

முதலாளி என்னையும் ஜெயசீலியையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "சிஸ்டத்துல ஓகே குடுத்தது யாரு பேருல இருக்குதுங்கம்மா?" என்றார். நான் பார்த்துச் சொன்னேன். "ஜெயசீலிங்க." ஜெயசீலி, "நான் குடுக்கல சார். அந்த நேரத்துக்கு நான் சீட்லயே இல்ல. பாக்கிங்ல நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். "பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியும்?" என்றார் அவர். "ஆமா சார்." "வேற யாருக்காச்சும் சொன்னீங்களா?" "இல்ல சார்." "அப்பறம் கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுங்களா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் பாக்கிங்குக்குப் போனத நீங்க பாத்தீங்கல்லா?" என்றாள். நான் பார்த்திருந்தேன். கையில் ஸ்டிக்கர் கட்டோடு என் மேசையைத் தாண்டித்தான் போனாள். ஆனால் அது எத்தனை மணிக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "கவனிக்கலீங்க" என்றேன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அவள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது நான்தான். மறுநாள் சண்முகம் அண்ணன், "இப்பச் சரியா வருதுங்க" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அதுவரை நான் எதுவும் தெரிந்து செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம், அவள் வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். புது வேலையில் லீவு கிடைக்காது என்றேன்.

அடுத்த வாரம் நீ காலேஜிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். லேபில் உன் புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம். நீயும் உன் நண்பனும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டீர்களாம். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே பாஸ்வேர்டு வந்ததாம். வகுப்பே சிரித்ததாம். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டருக்குத் தானாக் குலுக்கத் தெரியாதுங்கம்மா. ஒரு எடத்துல ஆரம்பிச்சுக் கணக்குப் போட்டுட்டே போகும். எங்க ஆரம்பிக்கோணும்னு நாம சொல்லோணும். நான் சொல்லாம விட்டுட்டேன். அதனால ஒவ்வொருக்காத் தொறக்கறப்பவும் மொதல்ல இருந்து அதே வரிசைதான் வரும்" என்றாய். சொல்லிவிட்டு உடனே, "ஆபீஸ்ல எத்தன தடவை தொறந்து ஓட்டுனீங்க?" என்று கேட்டாய். டம்ளர் என் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை. எனக்கு அந்த நிமிடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. சண்முகம் அண்ணனின் போன், வேறு மாதிரித் திரை, அவள் பெயரை நீக்கியதும் சரியாய்ப் போனது, எல்லாம். "ஒரே தடவதாங்கண்ணு" என்றேன். நீ பெருமூச்சு விட்டாய். "நல்லவேளைங்கம்மா" என்றாய். கணக்கு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் ஆரம்பிக்கும்படி ஒரே ஒரு வரியைச் சேர்த்துப் புது ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தாய்.

மறுநாள் காலையில் நேரத்திலேயே போய், ஜெயசீலியின் மேசை டிராயரைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு பழைய டைரிக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். சண்முகம் அண்ணன் தன் சீட்டைக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். எட்டும் ஒன்று. அப்படியே முதலாளி அறைக்குப் போய் இரண்டையும் மேசையில் வைத்திருக்க வேண்டும். நான் நேரே என் இடத்துக்கு வந்து, உன் புதுப் புரோகிராமை ஓட்டி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினேன். பழைய சீட்டுகளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லதுங்க என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் எல்லோர் முன்னாலும், "உங்களை மாதிரிப் பொறுப்பா இருந்தா எனக்கு ஏனுங்க கஷ்டம் வருது" என்றார். அந்தப் பாராட்டை நின்று கேட்டுக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன்னைக் காப்பாற்றத்தான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையனுடைய புரோகிராமால் ஆர்டர் போயிற்று என்று வெளியே தெரிந்தால் உன் படிப்பு என்னாகும், உன் பெயர் என்னாகும் என்று. அது பாதிதான் உண்மை. உன்னிடம் தவறு இல்லை. பத்தொன்பது வயதில் பழகுகிறவன் எழுதும் புரோகிராமில் பிழை இருக்கத்தான் செய்யும். நீ பிழையைக் கண்ட அன்றே எனக்குச் சொன்னாய், கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டாய். அதைச் சோதிக்காமல் கம்பெனிக்குள் கொண்டுபோனது நான். ஓகே கொடுங்கள் என்றது நான். செக்கிங்கில் நின்றுகொண்டே வேலை பார்த்துவந்த நான் டைப்ரைட்டிங் படித்து, ஆபீசில் உட்கார்ந்து, முதலாளியே என்னை "அம்மா" என்று கூப்பிடும் இடத்துக்கு வந்திருந்தேன். அந்த நாற்காலியை விட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் மீதிப் பாதி.

திருப்பூர் பெரிய ஊர் மாதிரித் தெரியும், ஆனால் ஒரு கம்பெனியில் நடந்தது அடுத்த கம்பெனிக்கு ஒரு போனில் போய்விடும். ஜெயசீலியை எந்த ஆபீசிலும் எடுக்கவில்லை. மண்ணரையிலேயே ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங்குக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். ஒதுங்க இடமில்லை. அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி எப்படி இருக்கான்க்கா?" என்றாள். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது என்றேன். "என்ட்ட அனுப்புங்க. எப்படிப் பேசணும்னு நான் சொல்லித் தாறேன்" என்றாள். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. அவளும் நீயும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். நீ அந்த முதல் இன்டர்வியூவில் பேச்சுத் தடுமாறித் தோற்றுவிட்டு வந்தாயே, அன்று நீ சாப்பிடாமல் படுத்திருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

நீ போன் செய்த மறுநாள் உன் அப்பாவிடம் முதன்முதலாகச் சொன்னேன். காலையில் கட்டிங் வேலைக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நம்மூட்டுல சோறு தின்ன புள்ளை அது" என்றார். நான்கு நாளாக அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அவர் கோபம் நியாயமானது. நீ போனில் அவரைச் சமாதானம் செய்ய வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்ணரைக்குப் போனேன். பத்திரிகையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா போன வருடம் தவறிவிட்டார்களாம், எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முடியில் நிறைய நரை. நான் உட்கார்ந்த உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டேன், நல்லது பொல்லாதது விசாரித்தால் பிறகு வாய் வராது என்று. உன் புரோகிராம், இரண்டு தடவை ஓட்டியது, சண்முகம் அண்ணனின் போன், டிராயரில் இருந்த சீட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ஓகேய நான் அடிக்கலயாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "நீதானே அன்னிக்கே அடிக்கலீன்னு சொன்னே" என்றேன்.

"அன்னைக்குச் சொன்னேன். அப்பறம் எல்லாரும் சொல்லுதாங்க, கம்ப்யூட்டர் சொல்லுது, பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும். யோசிச்சு யோசிச்சுப் பாத்து, நாந்தான் ஏதோ நெனப்புல அடிச்சிருக்கேன்னு நம்பிட்டேன்க்கா. பாக்கிங்குக்குப் போறதுக்கு முன்னால அடிச்சிட்டுப் போன மாதிரி எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சிட்டு. பட்டன அமுக்குன மாதிரி விரல்ல தெரியும். இத்தன வருசமா ஒரு பனியன ஒரு தடவ பாத்துட்டு வைக்க மாட்டேன். நாலு தடவ பாப்பேன். சூப்பர்வைசர் கத்துவான், கணக்குக்குப் பீஸ் முடிக்க மாட்டேங்கேன்னு. வீட்டப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயித் திரும்பி வந்து பாப்பேன். அம்மா கடைசியா ஆஸ்பத்திரில கெடக்கும்போதுகூட மாத்திரையச் சரியாத்தான் குடுத்தேனான்னு எனக்குத் தெரியல. நர்ஸக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன்."

கண்ணு, நான் அவளுடைய வேலையைப் போக்கிவிட்டேன் என்று மட்டும்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு என்று கேட்கப் போயிருந்தேன், அந்த வார்த்தையை வாயில் எடுக்கத் துணிவு வரவில்லை. அவளே எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இது யாருக்கெல்லாம் தெரியுமுங்க?" என்று கேட்டார். "இனிமே எல்லாத்துக்கும் தெரியுமுங்க" என்றேன். "அஞ்சாறு வருசம் ஆகிப்போச்சுங்களே, இப்ப ஏனுங்க இது?" என்றார். பத்திரிகை வைக்கப் போனேன், அதனால் என்று நான் எப்படிச் சொல்ல முடியும். சாவிக் கொத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன். வெளியே வரும்போது, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குதுங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார். சொன்னேன். அவர் போய்ப் பார்ப்பாரா, கூப்பிட்டு விடுவாரா, தெரியாது. இதை எழுதும் இன்றுவரை போகவில்லை.

நீ இப்போது பெரிய கம்பெனியில் நிறைய பேர் உபயோகிக்கிறதை எழுதுகிறாய். நான் உனக்கு அந்த வேலையைப் பற்றி என்ன சொல்ல முடியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது போன் செய்து திரை வேறு மாதிரி இருக்கிறது என்று சொன்னால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அவர் பார்ப்பதை நீயும் ஒருமுறை பார். கம்ப்யூட்டரில் ஒருத்தர் பெயர் வந்திருக்கிறது என்பதற்காக அந்த ஆளைவிட அதை நம்பாதே. அப்புறம், உன் பெண்டாட்டியிடம் பயத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டால் அன்றைக்கே திருப்பி எடுத்துக்கொள். நான் உன்னிடம் சொன்ன "ஒரே தடவதாங்கண்ணு" என்பது இரண்டு வார்த்தைதான். அதைத் தாங்குவதற்கு அதன் மேல் நான் எத்தனை பொய் அடுக்க வேண்டியிருந்தது என்று பார்த்தாயல்லவா.

நேற்று மறுபடி ஜெயசீலியிடம் போனேன். முதலாளியிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் அதைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகையை எடுத்து நீட்டினேன். வாங்கி உன் பெயரையும் பெண் பெயரையும் விரலை ஓட்டிப் படித்தாள். "தம்பிக்குத் தெரியுமாக்கா?" என்றாள். இல்லை என்றேன். "அவன்ட்டச் சொல்லிருங்க. அவனுக்குத் தெரியாம நான் அங்க வந்து நின்னுச் சிரிக்க மாட்டேன்" என்றாள். சொல்கிறேன் என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். நான் சொன்னது அவளுக்குப் புரிகிறதாம். ஆனால் நம்புவதற்கு மனம் போதவில்லையாம். காலையில் கொஞ்ச நேரம் "நான் அடிக்கலை" என்று நிம்மதியாக இருக்கிறதாம், மத்தியானத்துக்குள் அந்தப் பட்டன் மறுபடி விரலுக்கு வந்துவிடுகிறதாம். "அது நெசமாவே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் வருமாக்கா? நான் பாக்கணும். யாரும் பாத்துச் சொல்ல வேண்டாம். நானே மூடி, நானே தொறந்து, என் கையால அடிச்சுப் பாக்கணும்" என்றாள்.

பழைய ஃப்ளாப்பி என்னிடம் இல்லை, அன்றே உடைத்துப் போட்டுவிட்டேன். நீ எழுதியதை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறவன், உன்னிடம் திருத்தியது இருக்கும். கல்யாண வேலைக்கு வரும்போது உன் லேப்டாப்பைக் கொண்டு வா. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கு வராமல் நேரே மண்ணரைக்குப் போ. நீ கடைசியாகச் சேர்த்தாயே ஒரு வரி, அதை மட்டும் எடுத்துவிட்டு அந்தப் புரோகிராமை அவள் முன்னால் வை. அவள் எத்தனை தடவை மூடித் திறந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அம்மா